மஞ்சள் கருவும் மாமாவும்

"பி.காம். படிச்சவன்தானே நீ? அளந்து செய்யத் தெரியாதா?" என்றாள் அக்கா.

டெபிட், கிரெடிட் தெரிந்தவனுக்கு கேக் செய்யவும் வரும் என்று எந்த யுனிவர்சிட்டியும் சர்டிபிகேட் தரவில்லை சார். ஆனாலும் மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். மாமா சரக்குக் கப்பலில் இன்ஜினீயர். ஏறினால் ஆறேழு மாதம். கப்பல் சமையல்காரர் பிலிப்பைன்ஸ்காரர். மாமா பிறந்த நாளுக்கு அவர் 'யெமா கேக்' செய்து கொடுத்தாராம். பஞ்சு மாதிரி கேக். அதன் மேல் முட்டை மஞ்சள் கருவையும் கண்டென்ஸ்ட் மில்க்கையும் கிளறிப் பூசிய கஸ்டர்டு. அதற்கும் மேல் துருவிய சீஸ்! போட்டோ வந்தது. பாப்பா பார்த்துவிட்டாள்.

"அப்பா தின்ன கேக்தான் வேணும்."

அவளுக்கு ஐந்து வயது முடிகிறது. அப்பா இல்லாமல் மூன்றாவது பிறந்த நாள். மாமாவிடம் செய்முறை கேட்டு வாங்கினோம்.

அக்கா வீடு ஏற்காட்டில். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் முப்பது நாமக்கல் முட்டைகளை மடியில் வைத்து அணைத்துக்கொண்டே போனேன். "கொழந்தைக்கு டிக்கெட் எடுக்கலியா?" என்றார் கண்டக்டர்.

முதல் கேக் ஓவனில் ஜம்மென்று எழும்பியது. அக்கா கை தட்டினாள். அடுத்த நிமிடம் நடுவில் பள்ளம்... தண்ணீர் ஊற்றினால் ஏற்காடு ஏரி!

குற்றவாளி மலைதான். ஏறக்குறைய 5,000 அடி உயரம். காற்றழுத்தம் குறைவு. தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும். மாவு வெந்து இறுகுவதற்குள் உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகள் அவசரப்பட்டு உப்பி உடைந்துவிடுகின்றன. கப்பல்காரர் கொடுத்தது கடல் மட்டக் கணக்கு!

மறுபடி ஆரம்பித்தேன். பேக்கிங் பவுடரில் கால் பங்கு கட். சர்க்கரையில் ஒரு ஸ்பூன் கட். வெள்ளைக்கருவை விறைப்பாகும்வரை அடிக்காமல் முன்னதாகவே நிறுத்தி, ஓவன் சூட்டைக் கொஞ்சம் ஏற்றினேன். கேக் நின்றது.

கஸ்டர்டுக்குச் சின்னத் தீ, ஓயாத கை. நடுவில் போனைப் பார்த்தீர்களோ, முட்டைப் பொரியல்தான். பார்த்தேன். பொரியல்தான். இரண்டாவது தடவை அக்கா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

கடைசியில் ஸ்டாக் எடுத்தால் பன்னிரண்டு வெள்ளைக்கரு மிச்சம். 'யெமா' என்றால் ஸ்பானிஷில் மஞ்சள் கரு. ஸ்பெயின்காரர்கள் பிலிப்பைன்ஸை ஆண்டபோது சர்ச் கட்டும் சுண்ணாம்புக் காரையில் வெள்ளைக்கருவைக் கலந்தார்கள், மிஞ்சிய மஞ்சள் கரு இனிப்பாயிற்று என்பார்கள். நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்ப் பூச்சிலும் வெள்ளைக்கரு உண்டே, அங்கே ஏன் ஒரு கேக் பிறக்கவில்லை? எங்களிடம் கட்டுவதற்கு சர்ச்சும் இல்லை, பங்களாவும் இல்லை. மூன்று நாள் ஆம்லெட்.

சாயங்காலம் வீடியோ கால். நடுக்கடல். படம் நின்று நின்று வந்தது.

"சீஸ் போட்டீங்களா மாப்ளே?"

"ஸ்வீட்டுக்கு மேல சீஸான்னு அம்மா தடுத்துட்டாங்க மாமா."

"போடுங்க மாப்ளே. அதுலதான் இருக்கு!"

போட்டோம். நிஜமாகவே அதில்தான் இருந்தது.

பாப்பா ஸ்பூனில் ஒரு துண்டு எடுத்து போன் பக்கம் நீட்டினாள். "அப்பா, ஆ காட்டு."

மாமா வாயைத் திறந்தார். சிக்னல் போய்விட்டது. திறந்த வாயோடு படம் அப்படியே நின்றது. பாப்பா ஸ்பூனை எடுக்கவில்லை.

"பாத்திரம் கழுவணும்" என்று அக்கா உள்ளே போனாள். பாத்திரம் எல்லாவற்றையும் நான் அப்போதே கழுவி வைத்திருந்தேன்.