வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு போன்... பர்ஸ் கரையாமல் பேச வழிகள்!

சிங்கப்பூர் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை லிட்டில் இந்தியாவுக்கு ஒதுக்கிவையுங்கள். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயில், தேக்கா சென்டரில் பிரியாணி வாசனை, பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடைகள், சையது ஆல்வி சாலையில் முஸ்தபா சென்டர் என்று பார்க்க நிறைய உண்டு. இவற்றைவிட மனதில் நிற்பது அங்கே கூடும் கூட்டம்தான். கட்டடம் கட்டுகிறவர்கள், கப்பல் பட்டறையில் உழைப்பவர்கள் என நம் ஊர் ஆட்களும் வங்கதேசத்து ஆட்களும் வாரத்தின் ஒரே லீவு நாளில் இங்கே வந்துவிடுவார்கள். புல்தரையில், நடைபாதை ஓரத்தில், கடை வாசலில் என்று எங்கே பார்த்தாலும் கையில் போனும் காதில் ஊரும்தான்.

“சாப்டியாம்மா?”, “பாப்பாகிட்ட குடு”, “மழை பெஞ்சுச்சா?” என்று தஞ்சாவூரும் புதுக்கோட்டையும் ராமநாதபுரமும் காதில் விழும்.

நம்மில் பலர் நாலு நாள் டூர் போகும்போதே ரோமிங் பில்லுக்குப் பயந்து போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுகிறோம். ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவு செய்யும் இவர்களோ வீட்டோடு தவறாமல் பேசுகிறார்கள். (சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை ‘வெள்ளி’ என்றுதான் சொல்வார்கள்.) வெளிநாட்டிலிருந்து மலிவாகப் பேசும் வித்தையை இவர்களிடமிருந்துதான் கற்க வேண்டும்.

பி.பி. நம்பரும் சுரண்டும் கார்டும்

விசிட்டிங் கார்டில் ‘பி.பி.’ என்று போட்டுப் பக்கத்து வீட்டு நம்பரை அச்சடித்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். வெளிநாட்டுக்குப் பேச வேண்டுமானால் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போக வேண்டும். சிவப்பு எழுத்தில் ஏறிக்கொண்டே போகும் மீட்டரைப் பார்த்தபடி பேச வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டு அழைப்புகள் 2002 வரை வி.எஸ்.என்.எல். என்ற ஒரே நிறுவனத்தின் கையில்தான் இருந்தன.

லிட்டில் இந்தியாவில் அப்போது போன் கார்டுகளின் ராஜ்ஜியம். கடையில் கார்டு வாங்கி, பின்பக்கத்தைச் சுரண்டி, ஒரு நம்பரை அழுத்தி, ரகசிய எண்ணை அழுத்தி, பிறகு ஊர் நம்பரை அழுத்த வேண்டும். கார்டில் அச்சடித்திருக்கும் நிமிடம் ஒன்று, பேச முடிகிற நிமிடம் வேறு. இணைப்புக் கட்டணம் என்று கொஞ்சம் கழியும். ஐந்து விநாடி பேசினாலும் முழு நிமிடமாகக் கணக்காகும். அதனால் எந்தக் கார்டில் உண்மையில் அதிக நேரம் பேசலாம் என்ற தகவல் ஆளுக்கு ஆள் வாய்வழியாகவே பரவும்.

வாட்ஸ்அப்பில் 2015-ல் பேசும் வசதியும் 2016-ல் முகம் பார்த்துப் பேசும் வசதியும் வந்தபின் கார்டுகளின் மவுசு குறைந்தது. ஆனால் கார்டு கற்றுக்கொடுத்த பாடம் இன்றும் செல்லும்: விளம்பரத்தில் இருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், அதன் நிபந்தனையைப் பாருங்கள்.

சிங்கப்பூரில் எது லாபம்?

இன்று சுற்றுலாப் பயணிக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, நம் ஊர் சிம்மிலேயே ரோமிங் பேக். இரண்டு, மூன்று நாள் பயணத்துக்கும், அலுவலக அழைப்புகளை இந்திய நம்பரிலேயே எடுக்க வேண்டியவர்களுக்கும் இது வசதி. பேக் போடாமல் போய் டேட்டாவைத் திறந்துவிட்டால்தான் ஆபத்து. நாம் தொடாவிட்டாலும் போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் என்று பின்னணியில் டேட்டா ஓடும். விமானத்திலும் சொகுசுக் கப்பலிலும் கிடைக்கும் நெட்வொர்க் பெரும்பாலும் சாதாரண பேக்கில் அடங்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாவது, அங்கேயே சிம் வாங்குவது. சாங்கி விமான நிலையத்திலும் ஊருக்குள் கடைகளிலும் கிடைக்கும். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்துதான் தருவார்கள். ஒரு வாரம் தங்குகிறீர்கள் என்றால், ரோமிங் பேக்கின் ஒரு நாள் விலையை ஏழால் பெருக்கி, உள்ளூர் சிம்மின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உள்ளூர் சிம்தான் ஜெயிக்கும். குடும்பத்தில் எல்லோருக்கும் தனித்தனி சிம் தேவையில்லை. ஒன்று வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தாத்தா பாட்டி கூட வந்திருந்தால் அவர்கள் கையில் தனியாக ஒரு இணைப்பு இருக்கட்டும். முஸ்தபா சென்டர் மாதிரியான இடத்தில் ஆள் தவறிவிட்டால் ஹாட்ஸ்பாட் உதவாது.

மூன்றாவது, இ-சிம். பிளாஸ்டிக் கார்டே இல்லாமல் க்யூ.ஆர். கோடு மூலம் போனுக்குள் இறக்கிக்கொள்வது. அதற்கும் இணையம் வேண்டும் என்பதால், புறப்படும் முன் வீட்டு வைஃபையில் இறக்கிவிடுவது நல்லது. எல்லா போனிலும் இது வேலை செய்யாது, முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றுலா இ-சிம் பலவற்றில் டேட்டா மட்டும்தான் இருக்கும், பேசும் நம்பர் இருக்காது.

எந்த சிம் போட்டாலும் வாட்ஸ்அப், “நம்பரை மாற்றவா?” என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். பழைய இந்திய நம்பரிலேயே அது ஓடும். வீட்டில் இருப்பவர்களும் புது நம்பரைப் பார்த்துக் குழம்ப மாட்டார்கள்.

துபாயில் கதையே வேறு

சிங்கப்பூரில் கைகொடுத்த வாட்ஸ்அப் அழைப்பை நம்பி துபாய்க்குப் போனால் ஏமாற்றம்தான். ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் ஏறி, தேராவுக்கும் பர் துபாய்க்கும் நடுவே கடற்கழியைக் கடக்கும் காட்சியை உடனே அம்மாவுக்கு வீடியோ காலில் காட்டலாம் என்று நினைப்பீர்கள். அழைப்பு போகாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப், ஃபேஸ்டைம் அழைப்புகளுக்கு நீண்ட காலமாகத் தடை இருக்கிறது. அரசு அனுமதித்த ஆப்களில்தான் பேச முடியும்.

அங்கே வேலை செய்யும் நம்மவர்கள் அதிகம் பயன்படுத்துவது ‘போட்டிம்’. ஜூம், கூகுள் மீட் போன்றவையும் அனுமதிக்கப்பட்டவை. இதில் ஒரு சிக்கல்: நீங்கள் மட்டும் ஆப் வைத்திருந்தால் போதாது, வீட்டில் இருப்பவர் போனிலும் அது இருக்க வேண்டும். துபாய் போய் இறங்கிய பிறகு, “அம்மா, பிளே ஸ்டோரைத் திற” என்று எழுத்தில் பாடம் நடத்துவது சுலபமல்ல. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இறக்கி, ஒருமுறை பேசிப் பார்த்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி, போட்டோ, குரல் பதிவு அனுப்பத் தடையில்லை. வி.பி.என். போட்டுக் குறுக்கு வழியில் பேசலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வி.பி.என்.-ஐச் சட்ட விரோதமாகப் பயன்படுத்தினால் அங்கே அபராதம் 5 லட்சம் திர்ஹத்திலிருந்து தொடங்குகிறது. மிச்சம் பிடிக்க நினைத்தது சில ரூபாய்தானே?

பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு?

இதுவரை சொன்னதெல்லாம் எதிர்முனையிலும் ஸ்மார்ட்போன் இருந்தால்தான். கிராமத்தில் பட்டன் போனோடு இருக்கும் அப்பத்தாவிடம் பேச வேண்டுமே!

உள்ளூர் சிம்மில் வெளிநாட்டு அழைப்புக்கு இரண்டு விதமான கட்டணம் இருக்கலாம். +91 போட்டு நேராக அழைத்தால் ஒரு விலை, அந்த நிறுவனம் சொல்லும் சலுகை எண்ணை முன்னால் சேர்த்து அழைத்தால் அதைவிடக் குறைந்த விலை. சிம் வாங்கும்போதே, “இந்தியாவுக்குப் பேச முன்னால் என்ன நம்பர் போட வேண்டும்?” என்று கேளுங்கள். லிட்டில் இந்தியா கடைக்காரர்கள் தமிழிலேயே சொல்லிவிடுவார்கள்.

ஆப்பிலிருந்து சாதாரண போனுக்குப் பேசும் வசதியும் உண்டு. முன்கூட்டியே கொஞ்சம் பணம் கட்டிக்கொண்டால் நிமிடக் கணக்கில் கழியும். முன்பு பலரும் இதற்கு நம்பியிருந்த ஸ்கைப், 2025 மே மாதம் மூடப்பட்டுவிட்டது. ‘வைபர் அவுட்’ போன்றவை இருக்கின்றன. ஆனால் எந்த நாட்டில் எது அனுமதி என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எதுவும் இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. பக்கத்து வீட்டு காலேஜ் பெண்ணிடம் சொல்லி, குறிப்பிட்ட நேரத்தில் அவள் போனை அப்பத்தாவிடம் கொடுக்கச் சொல்வது. அந்தக் கால பி.பி. நம்பர்தான், இப்போது முகமும் தெரிகிறது!

கிளம்பும் முன் ஐந்து வேலைகள்

1. இந்திய சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிடாதீர்கள். வங்கி ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். ரோமிங் வசதியைச் செயல்படுத்தி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவையுங்கள். பேக் இல்லாமல் ரோமிங்கில் வரும் அழைப்பை எடுத்தாலும் காசு போகும் என்பது நினைவிருக்கட்டும்.

2. போனில் உள்ள முக்கியமான நம்பர்களை +91 சேர்த்துச் சேமியுங்கள். நான்கு நம்பர்களை ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வையுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் துணை.

3. பேசும் நேரத்தை முடிவு செய்யுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூரில் இரவு 9.30 என்றால் வீட்டில் 7 மணி. துபாயில் 7.30 என்றால் வீட்டில் 9 மணி.

4. விமான நிலைய வைஃபை கிடைத்ததும், “வந்து சேர்ந்தேன்” என்று ஒரு குரல் பதிவு. ஊரில் சிக்னல் சரியில்லாவிட்டாலும், வரும்போது போய்ச் சேர்ந்துவிடும்.

5. குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். “உங்கள் மகன் வெளிநாட்டில் போலீஸில் மாட்டிக்கொண்டான், பணம் அனுப்புங்கள்” என்று மிரட்டும் மோசடி அழைப்புகள் வருகின்றன. அந்தச் சொல்லைச் சொல்லாதவருக்குப் பணம் கிடையாது என்று வீட்டில் சொல்லிவையுங்கள். ஏமாந்துவிட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930.

இந்த ஐந்தில் எதற்கும் பெரிய செலவில்லை. எல்லாமே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, பெரியவர்களின் போனையும் வாங்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் முடிக்கிற வேலை. வெளிநாட்டில் போய் எது மலிவு என்று தேடி அலைவதைவிட இந்த அரை மணி நேரம்தான் அதிகம் மிச்சம் பிடிக்கும்.

அதில் மூன்றாவதை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஏழு மணிக்குப் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தால், ஆறே முக்காலுக்கே வீட்டில் டி.வி. சத்தத்தைக் குறைத்திருப்பார்கள். ஒரு நிமிடம் பேசினாலும் போதும், சரியாக ஏழு மணிக்குப் பேசிவிடுங்கள்.