இரண்டே முக்கால் மணி

தில்லிக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று எவரேனும் வினவினால், விடை கூற நமக்கு நொடிப்பொழுது போதும். ரயில்வே குமாஸ்தா அல்லவா! ஆக்ரா, ஜான்சி, போபால், நாகபுரி, விஜயவாடா என்று வளைந்து செல்லும் இருப்புப்பாதையின் நீளம் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அதனைக் கடக்க ஏறக்குறைய 33 மணி நேரம் ஆகும். ஆகாய விமானத்திற்கோ இந்த வளைவுகள் இல்லை. தூரம் சுமார் 1,760 கிலோமீட்டர். நேரம் இரண்டே முக்கால் மணி.

உத்தியோகத்தின் பொருட்டு நாம் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று, கும்பகோணத்தை அடுத்த நம் கிராமத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையார், "அவ்வளவு தொலைவா?" என்றார். "அவசரமென்றால் விமானத்தில் மூன்று மணி நேரந்தான், அப்பா" என்று ஆறுதல் கூறினோம். அவர் அதனை நம்பினார். அண்டை அயலாரிடமும் பெருமையாகச் சொல்லி வந்தார்.

2022ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் இரவு பதினொரு மணிக்கு, அவர் காலமான செய்தி வந்தது. கையிலிருந்த ரயில்வே பாஸ் அன்று நமக்கு உதவவில்லை. ஒரு மாதச் சம்பளத்தின் பெரும் பகுதியைக் கொடுத்து விமானச் சீட்டு ஒன்று வாங்கினோம். மனைவி மக்களைப் பின்னர் ரயிலில் வரச் சொல்லிவிட்டு, அதிகாலை மூன்று மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஆறு மணிக்குப் புறப்பட வேண்டிய விமானம், தில்லியின் மூடுபனியால் ஒன்பது மணிக்கே மேலெழுந்தது. சென்னையில் இறங்கியபோது நண்பகல். அங்கிருந்து கும்பகோணம் சுமார் 300 கிலோமீட்டர். வாடகைக் காரில் ஏழு மணி நேரம். வாசலில் இறங்கியபோது வீட்டில் விளக்கேற்றி இருந்தார்கள். பொழுது சாயுமுன் எடுத்துவிட வேண்டும் என்று பெரியோர்கள் கூறியதால், சிற்றப்பாவின் மகன் கொள்ளி வைத்துத் திரும்பியிருந்தான்.

"மூன்று மணி நேரந்தான் என்றாயே, தம்பி!" என்றார் தமக்கையார். வேறொன்றும் சொல்லவில்லை. பதினாறு மணி நேரம் பிரயாணம் செய்து வந்த நமக்கு விடை கூற நா எழவில்லை.

அன்பர்களே, இரண்டே முக்கால் மணி என்பது ஒரு விமான நிலையத்திலிருந்து மற்றொரு விமான நிலையத்திற்கான கணக்கு. நம் வாசலிலிருந்து பெற்றோர் வாசலுக்கான கணக்கு அதுவன்று. தூரத்தைக் குறைத்துச் சொல்வதால் தூரம் குறைவதில்லை. ஊரில் இருக்கும் முதியோர்களிடம் உண்மைக் கணக்கையே சொல்லி வைப்போம்.

சென்ற மாதம் அன்னையாரும் தொலைபேசியில் அதே கேள்வியைக் கேட்டார். "பதினாறு மணி நேரம் ஆகும், அம்மா" என்றோம். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்படியானால் அவசரத்துக்கு ஏன் காத்திருக்கிறாய்? பொங்கலுக்கே வந்துவிடு" என்றார்.

பாஸ் எழுதி வாங்கிவிட்டோம். குடும்பத்தோடு 33 மணி நேரம். அது நமக்கு நீண்டதாகத் தோன்றவில்லை.