சோத்தாங்கை, பீச்சாங்கை

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பஸ்ஸில் ஒரு நாள் என் சின்ன மகள் கேட்டாள்: "ஏம்மா, கண்டக்டர் எப்பப் பார்த்தாலும் 'ரைட், ரைட்'னே சொல்றாரு? ஒரு வாட்டிகூட 'லெஃப்ட்'னு சொல்ல மாட்டேங்கறாரே?"

பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தபடி, "ரைட்னா சரி, போகலாம்னு அர்த்தம்டி" என்றேன்.

"அப்ப லெஃப்ட்னா தப்பா?"

என் சிரிப்பு நின்றுபோயிற்று. கேட்டவள் இடது கைக்காரி.

மூன்று வயதிலேயே அவளுக்கு எதை எடுத்தாலும் அந்தக் கைதான் முன்னால் வரும். எங்கள் பக்கம் கிராமங்களில் வழி சொல்லும்போதுகூட "சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, பீச்சாங்கைப் பக்கம் போ" என்றுதான் சொல்வோம். ஒரு கை சோற்றுக்கு. இன்னொன்று எதற்கென்று நான் எழுத வேண்டியதில்லை. அந்தக் கையால் பெண் குழந்தை சோறு பிசைந்தால் வீட்டில் சும்மா இருப்பார்களா? "பொட்டப் புள்ள, நாளைக்குப் போற எடத்துல அந்தக் கையாலயா பரிமாறுவா?" என்று என் மாமியார் அங்கலாய்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். செய்தவள் நான்தான். இடது கையில் வேப்பெண்ணெய் தடவினேன். சாப்பிடும்போது பழைய துண்டால் அந்தக் கையைப் பின்னால் கட்டினேன். கரண்டிக் காம்பால் முட்டியில் தட்டியதும் உண்டு. எழுதவே கூசுகிறது.

வலது கையால் சாப்பிடப் பழகிவிட்டாள். ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்த்தினால் "பசிக்கலம்மா" என்பாள். நாலு பேர் பார்க்க எந்தக் கை முன்னால் வந்துவிடுமோ என்ற பயம். பள்ளியிலும் வலது கையால்தான் எழுத வேண்டும் என்றார்கள். "பாதி எழுதறதுக்குள்ள போர்டை அழிச்சிடறாங்க" என்று அழுவாள்.

ஐந்தாம் வகுப்பில் லெஃப்ட் என்றால் 'இடது' என்றும் 'விட்டுப் போனான்' என்றும் இரண்டு பொருள் வர, குழம்பிப்போய் அண்ணனிடம் போனாள். கல்லூரியில் படிக்கும் என் மகன் பெரிய அகராதியை எடுத்துவந்தான். நானும் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்த சொற்களாம். இடது பக்கத்தைச் சொல்லும் லெஃப்டுக்குப் பழைய ஆங்கிலத்தில் பலவீனமானது, உதவாதது என்று பொருளாம். ரைட் என்பதற்கோ நேரானது, சரியானது என்று பொருள். 'உரிமை'க்கும் அதே சொல்தான். கூடவே லத்தீனில் இடதைக் குறித்த சொல்தான் ஆங்கிலத்துக்கு வந்து 'கெடுதலானது' என்று ஆனதாம். பிரெஞ்சில் இடதுக்கும் அசட்டுத்தனத்துக்கும் ஒரே சொல்லாம். மகன் சுவாரசியமாகப் படித்துக்கொண்டே போனான். சின்னவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப என் கை சோப்ளாங்கிக் கையாம்மா?"

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அகராதி எழுதியவர்கள் என்றோ சொன்னதை நான் வேப்பெண்ணெய் தடவிச் சொல்லியிருக்கிறேன், அவ்வளவுதானே வித்தியாசம்?

மறுநாள், எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற தமிழாசிரியரிடம் போய்க் கேட்டேன். நம் தமிழும் லேசுப்பட்டதில்லை. வலது, வலிமை, வல்லவன் எல்லாம் ஒரே குடும்பமாம். பழந்தமிழில் வலம் என்றால் வெற்றியும்கூட. குடவோலைக் கல்வெட்டு இருக்கும் எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயிலை வலம்தான் வருகிறோம். யாரும் 'இடம்' வருவதில்லை. வலது கைக்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம். பெயர் வைத்ததும் அவர்கள்தான். வேறெப்படி இருக்கும்!

ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். வடமொழியில் 'வாமம்' என்றால் இடது, அழகு என்று இரண்டு பொருளும் உண்டாம். அர்த்தநாரீசுவரருக்கு இடப்பாகம்தானே அம்பாள்? நடராஜர் தூக்கிய திருவடியும் இடதுதானே? வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமியார் வெற்றிலையை மென்றபடி வெகுநேரம் யோசித்தார். டாக்டர் சொன்னதைவிட அதுதான் அவரிடம் எடுபட்டது.

இருமலுக்கு மருந்து வாங்கப் போனபோது டாக்டரிடமும் கேட்டிருந்தேன். இது நோயல்ல, நூறு பேரில் பத்துப் பேர் இப்படித்தான், கட்டாயப்படுத்தாதீர்கள் என்றார். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்காக அவர் சொன்ன ஒன்றையும் எழுதிவிடுகிறேன்: ஒரு வயது ஆகும் முன்பே குழந்தை எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டி, மற்றதை அசைக்காமல் வைத்திருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது இடது கைப் பழக்கமல்ல. அசையாத கையில் கோளாறு இருக்கலாம். எந்தக் கைப் பழக்கம் என்பது பெரும்பாலும் இரண்டு வயதுக்கு மேல்தான் தெளிவாகத் தெரியுமாம்.

பள்ளிக்கு நானே போய்ப் பேசினேன். புது டீச்சர் நல்ல மாதிரி. பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்தார், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காமல் இருக்க. நோட்டின் மேல்பக்கத்தைக் கொஞ்சம் வலப்பக்கமாகச் சாய்த்து, பேனாவை நுனியிலிருந்து சற்று மேலே பிடிக்கச் சொன்னார். அப்படியும் எழுதின மையெல்லாம் கையோரத்தில் அப்பிக்கொண்டுதான் வருவாள். காந்திஜி 1909-ல் கப்பலில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதியபோது, வலது கை ஓய்ந்தால் இடது கையால் எழுதினார் என்று மகன் எங்கோ படித்துச் சொன்னான். அவர் கையிலும் மை ஒட்டியதா என்று இவளுக்குத் தெரிய வேண்டுமாம்!

சாப்பிடுவது மட்டும் இன்னமும் வலது கையால்தான். பழகிவிட்டது, மாற்ற வேண்டாம் என்கிறாள். அந்தத் துண்டை நினைத்தால் எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

இந்த மார்கழியில் வாசல் கோலம் அவள் பொறுப்பு. வலப்பக்கத்திலிருந்து புள்ளி வைத்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் விடியற்காலையில் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏண்டி, எங்கருந்து ஆரம்பிக்கற நீ?" என்றார்.

"என் கைப் பக்கத்துலேர்ந்து ஆயா" என்றாள், நிமிராமலே.