உள் டயர்ல காத்து இருக்கா?

லாரிக்குப் பின்னாடி ஒவ்வொரு பக்கமும் ஜோடி ஜோடியா டயர் இருக்கும். வெளியில இருக்கிறது நம்ம கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருக்கிறதை டிரைவரே சரியா பார்க்கிறதில்லை. இன்னிக்குக் கதை அந்த உள் டயரைப் பத்தி. "இது சிலபஸ்ல இல்லையே"ன்னு என் கிளாஸ் பசங்க கேட்பாங்க. ஆமாம், இல்லை :-)

எங்க ஊர் வாணியம்பாடி. 2019 வரைக்கும் வேலூர் மாவட்டம், இப்போ திருப்பத்தூர் மாவட்டம். எந்த மாவட்டமானாலும் தோல் ஊர்தான். சென்னை - பெங்களூர் ரோடு ஊரை ஒட்டிப் போகுது. பழைய ஆளுங்க இன்னும் அதை 46ன்னுதான் சொல்லுவாங்க, இப்போ நம்பர் 48. சித்தப்பா இந்த ரோட்டுல ரொம்ப வருஷமா லாரி ஓட்டறார். போன சித்திரையில ஆம்பூர் தாண்டினதும் அவர் வண்டியில வெளி டயர் வெடிச்சுது. பின்னாடி பைக்ல வந்த ஒருத்தர் தலைக்கு மேல ரப்பர் துண்டு பறந்து போயிருக்கு. நல்லவேளை, அவருக்கு ஒண்ணும் ஆகலை.

வெடிச்சது வெளி டயர். ஆனா காத்து இல்லாம இருந்தது உள் டயர்! பஞ்சர் கடை பாய் கழட்டிப் பார்த்துத்தான் சொன்னார்.

கணக்கு ரொம்ப சிம்பிள். 2018-ல மத்திய அரசு, நாலு டயர் இருக்கிற ஒத்தை ஆக்சிலுக்கு அனுமதிச்ச எடையை 10.2 டன்லேருந்து 11.5 டன்னா ஏத்துச்சு. ஒரு டயருக்கு 2.9 டன் கிட்ட வருது. உள் டயர் படுத்துட்டா பக்கத்துல இருக்கிறது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூக்கணும். வண்டி சாயாது, ஸ்டியரிங் இழுக்காது. கூட்டாளி அமைதியா எல்லாத்தையும் தூக்கிக்கிட்டே ஓடும், சூடாகும், கடைசியில போயிடும். ஒத்தை டயரா இருந்தா உடனே தெரிஞ்சிருக்கும். ஜோடியா இருக்கிறதாலதான் தெரியலை.

"தட்டிப் பார்க்கலையா சித்தப்பா?"ன்னு கேட்டேன்.

"தட்டினேன்டா, டங்குன்னுதான் கேட்டுது"ன்னார்.

இந்தத் தட்டற வித்தை எல்லா டிரைவர்கிட்டயும் உண்டு. டயர் சுத்தமா படுத்திருந்தா "தொப்"னு கேட்கும், அது நிஜம்தான். ஆனா 110 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 80-க்கு இறங்கினா காது கண்டுபிடிக்காது. பாய் கடையில நாலு டயரைத் தட்டிட்டுக் கேஜ் வெச்சுப் பார்த்தோம். சத்தம் நாலும் ஒண்ணு. கேஜ்ல ஒண்ணு மட்டும் 75.

அப்போ கேஜ் வெச்சுப் பார்க்க வேண்டியதுதானேன்னு கேட்பீங்க. அங்கதான் வால்வு வில்லனா வருது. உள் டயரோட வால்வு, வெளி டிஸ்க்கோட ஓட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். கை நுழையாது, நுழைஞ்சா சூடான டிரம் சுடும். மாட்டும்போதே ரெண்டு வால்வும் எதிரெதிரா வர்ற மாதிரி மாட்டினா ஒவ்வொண்ணுக்கும் தனி ஓட்டை கிடைக்கும். அவசரத்துல மாட்டறவங்க இதைப் பார்க்கிறதே இல்லை.

வால்வுக்குள்ள ஸ்பிரிங் வெச்ச சின்ன பின் ஒண்ணு இருக்கு. அதுல மண் துகள் உட்கார்ந்தா காத்து மெதுவா கசியும். பாய் எச்சில் தொட்டு வெச்சுக் குமிழி வருதான்னு பார்ப்பார். மூடி போடறதே இதுக்குத்தான், அழகுக்கு இல்லை. எங்க ஊர் வண்டிகளுக்கு இன்னொரு தொல்லை, உப்பு. உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏத்தி வர்ற வண்டியில உப்புத்தண்ணி ஒழுகி டிஸ்க் எல்லாம் துருப்பிடிச்சுக் கிடக்கும். மூடி இல்லாத வால்வு என்ன கதியாகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இன்னொண்ணு. ஓடி வந்த சூட்டுல கேஜ் கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காத்தை இறக்கக்கூடாது. காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்கிறதுதான் கணக்கு.

பாய் பயப்படறது வேற விஷயத்துக்கு. காத்து இல்லாம ரொம்ப தூரம் ஓடின ரேடியல் டயர்ல பக்கவாட்டுக் கம்பி உள்ளேயே நைஞ்சிருக்கும், வெளியில தெரியாது. அப்படியே காத்து ஏத்தினா ஜிப் கிழிஞ்ச மாதிரி பக்கவாட்டுல வெடிக்கும். லாக் ரிங் போட்ட டிஸ்க்கா இருந்தா ரிங் கழண்டு பறக்கவும் செய்யும். டிரைவர் தட்டிட்டு "காத்து மட்டும் பிடிங்க பாய்"னு சொல்லிட்டுப் போயிடறார். டயர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறது கடைப் பையன். நம்ம வயசுதான் அவனுக்கு. இப்போ பாய் உள்ளே பார்க்காம அப்படிப்பட்ட டயருக்குக் காத்து பிடிக்கிறதில்லை. கூண்டு வாங்கணும்னு சொல்லிக்கிட்டிருக்கார்.

அமெரிக்காவுல வீடு மாதிரி வண்டி வெச்சு ஊர் சுத்தறாங்களே, அதுல பெரிய வண்டிகளுக்கும் பின்னாடி இதே ஜோடி டயர், இதே தலைவலிதான். அங்க நிறைய பேர் உள் வால்வுலேருந்து வெளியே ஓஸ் இழுத்து எக்ஸ்டென்ஷன் மாட்டிக்கிறாங்க. சித்தப்பாவும் இங்க அதைத்தான் மாட்டணும்கிறார். பாய் வேண்டாம்கிறார். எக்ஸ்டென்ஷன் மாட்டினா அது வால்வு பின்னை எப்பவும் அழுத்தியே வெச்சிருக்கும், அப்புறம் ஓஸ் உரசி ஓட்டை விழுந்தா டயர் காத்து மொத்தமும் போயிடும், ஆடிக்கிட்டே இருந்தா வால்வே முறியும்கிறது அவர் கட்சி. நல்லா இறுக்கிக் கட்டினா ஆடாதுங்கிறது சித்தப்பா கட்சி. என்னைக் கேட்டா, கையில நீளமான கேஜும் காலையில பத்து நிமிஷமும் இருந்தா ஓஸே வேண்டாம். ஆனா காலை நாலு மணிக்கு லோடு ஏத்திட்டுக் கிளம்பறது நான் இல்லையே.