பின்சாய்ந்த இறக்கை

புனேயின் லோஹகாவ் விமான நிலையத்தில் படியிறங்கும்போது, மழையில் நனைந்த மண்வாசனையோடு எரிபொருள் நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறியது, அந்த நெடி என்னை நேராகக் கட்கியில் பெரியப்பாவின் ஓட்டு வீட்டில் கொண்டுபோய் விட்டது. ஏர் இந்தியாவின் போயிங் 707-ல் ஃப்ளைட் இன்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர், அவருடைய தோல்பையைத் திறந்தால் இதே நெடிதான்.

சாய்ந்த வெயில் ஜன்னல் கம்பிகளைத் தரையில் கோடுபோடும் நேரத்தில், காபியை ஆற்றிக்கொண்டே உள்ளங்கையை இறக்கையாக நீட்டிச் சொல்வார்: 707-ன் இறக்கை 35 பாகை பின்சாய்ந்தது, ஒலிவேகத்தை நெருங்கும்போது எழும் எதிர்ப்பை அந்தச் சாய்வு தள்ளிப்போடும், அதற்கான விலையை மெதுவாகப் போகும்போது வாங்கிக்கொள்ளும்; மூக்கு இடப்பக்கம் திரும்பினால் வலது இறக்கை காற்றை நேராகச் சந்தித்து மேலெழும், கூடிய எதிர்ப்பு அதையே பின்னுக்கு இழுக்கும், மூக்கு மறுபக்கம் போகும், மற்ற இறக்கை எழும், இப்படியே ஆட்டம் வளரும். டச் ரோல் என்று அதற்குப் பெயர். 1959 அக்டோபரில் அமெரிக்காவில் பயிற்சிப் பறப்பில் இருந்த ஒரு 707 இந்த ஆட்டத்தில் இன்ஜின்களையே இழந்து விழுந்தது, எட்டுப் பேரில் நால்வர் இறந்தார்கள்; பிரிட்டிஷ் சோதனை விமானி டி. பி. டேவிஸ் விடாமல் வற்புறுத்தியதில்தான் 707-ன் வால் உயரமானது.

"காலால் வாலிலிருக்கிற ரட்டரை மிதிச்சு அடக்கப் பார்க்காதேடா, நீ மிதிக்கிறதுக்குள்ள அது மறுபக்கம் போயிருக்கும், எழும்புற இறக்கைமேல, அதோட ஓரத்து மடிப்பு இருக்கே, அந்த எய்லரானை ஒரே தடவை கொடு, நடுவுக்கு வந்துடு" என்பார், விமானம் ஓட்டப்போகிறவனிடம் சொல்வது போல. தரையிறங்குவதைப் பற்றியும் அப்படித்தான், வேகம் குறையக் குறைய இழுவை கூடும், கடைசியில் த்ராட்டிலைத் தள்ளினால் இன்ஜின் சுழன்றெழப் பல விநாடிகள் ஆகும், ஆகவே முன்கூட்டியே யோசி.

மும்பையின் பாந்த்ரா கடற்கரையில் மட்டும் பேசமாட்டார், செருப்பைக் கழற்றிவிட்டு மேற்கே பார்த்து நிற்பார். 1978 ஜனவரி 1 இரவு, 213 பேரோடு 'எம்பரர் அசோகா' 747 அங்கேதான் கடலில் விழுந்தது, கேப்டனின் சாய்வுகாட்டும் கருவி பொய் சொன்னது, இருட்டில் தொடுவானமும் இல்லை.

புனேயிலிருந்து திரும்பிய ஏர்பஸ் 320-ல் இறக்கைச் சாய்வு 25 பாகைதான், ஆட்டம் தெரியுமுன்பே கணினி அடக்கிவிடுகிறது, ஜன்னல்களெல்லாம் மூடிக்கிடக்கின்றன, மேகத்தைப் பார்க்கவும் யாருமில்லை. கடைசி வரிசையில் வால் லேசாக அசைந்தபோது மட்டும் பக்கத்திலிருந்த பையன் ஏன் என்று கேட்டான், வாந்திப் பையின் பின்புறத்தில் படம் போட்டு, ரட்டரை ஏன் மிதிக்கக்கூடாது என்பதுவரை சென்னை வருவதற்குள் சொல்லி முடித்தேன்.