கரண்ட் போனா போன் பேசுமா?

வீட்டு இணையத்தை மாற்றலாம் என்றதும் கேட்டில் மூன்று கம்பெனி நோட்டீஸ். எல்லாவற்றிலும் வேகக் கணக்குதான். நான் கேட்டது ஒன்றே: "கரண்ட் போனா போன் பேசுமா?"

பழைய செம்புக்கம்பி லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். வீடு இருண்டாலும் டயல்டோன் கேட்கும். ஃபைபரில் மோடம் அணைந்தால் போனும் ஊமை. 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்த எங்கள் காரைக்காலுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாரிஸ் சித்தப்பா இன்னமும் எங்கள் 04368 நம்பருக்குத்தான் கூப்பிடுவார். செல் நம்பர்போல லேண்ட்லைன் நம்பரை வேறு கம்பெனிக்கு எடுத்துப்போக முடியாது. அதனால் அதே கம்பெனியிலேயே ஃபைபர். மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ்.

எல்லாம் மாட்டி முடித்ததும் அம்மா கேட்டார்: "மணி பழையபடி அடிக்கும்ல?"