ஓரத்தில் ஒரு கோடு

மாஸ்டரின் காரில் பின் இருக்கையில் ஆள் ஏற முடியாது. நீலப் பிளாஸ்டிக் விரிப்பு, வெற்றுத் தட்டுகள், பழைய பத்திரிகைத் தாள்கள், ஒரு வாளி. "போகேக்க வெறுமை, வரேக்க நிரம்பியிருக்கும்" என்றார். மே மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஸ்காபரோவிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓடினால் வரும் ஒரு ஹொஸ்டாப் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தோம். என் மடியில் வாய் கட்டிய பொலித்தீன் பை. அதற்குள் ஒரே ஒரு இலை.

அந்த இலையால்தான் எனக்கு இந்தப் பயணம் வாய்த்தது. முந்தைய கோடையில் ஒரு பெரிய கடையின் வாசலில், பச்சை இலையில் நரம்போடு நரம்பாக மை ஊறிப் பரவினதுபோல் கோலம் போட்ட ஒரு செடியைக் கண்டு வாங்கினேன். செப்டம்பரில் அதை இரண்டாக வெட்டிப் பாதியை மாஸ்டருக்குக் கொடுத்தேன். அவரிடம் இல்லாத ஒன்றைக் கொடுத்த பெருமை எனக்கு. அதன் பெயர் என்னவென்று தெரியாத அவதி அவருக்கு. கடையின் அட்டையில் 'ஹொஸ்டா' என்று மட்டும் இருந்தது. மாரி முழுக்க அந்தக் குறை அவரைத் தின்றது.

கனடாவில் வீடு வாங்கிய தமிழருக்குப் பெயர் தெரியாவிட்டாலும் செடி தெரியும். வீட்டின் வடக்குப் பக்கத்தில், புல்லும் வளராத நிழலில், பழைய சொந்தக்காரர் வைத்துவிட்டுப் போன அகல இலைப் புதர். உறைபனி பட்டதும் கூழாகி மண்ணோடு போய்விடும். வைகாசியில் மண்ணைப் பிளந்துகொண்டு கூர்கூராக முளைக்கும். பூவும் உண்டு, ஊதாவிலும் வெள்ளையிலும். ஆனால் பூவுக்காக இதை வளர்ப்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவர். பதினொரு வருடங்களுக்கு முன் பக்கத்து வீட்டு மூதாட்டி தன் புதரைப் பிரித்து ஒரு துண்டை வேலிக்கு மேலால் நீட்டினார். அமெரிக்காவில் இந்தச் செடிக்கென்றே 1968இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அவர்கள் இதை 'நட்புச் செடி' என்பார்கள். பிரித்துக் கொடுக்கத் தோதானது என்பதால் அந்தப் பெயர். அடுத்த கோடையில் மாஸ்டரிடம் மூன்று. இப்போது 186. ஒற்றை ரூல் கொப்பியில் இலக்கம், பெயர், வாங்கிய திகதி, விலை என்று நிரல் நிரலாக எழுதியிருக்கிறார். விலை நிரலை மட்டும் மனைவிக்குக் காட்டுவதில்லை.

"பெயர் தெரியாத வரைக்கும் அது வெறும் இலை, தம்பி. பெயர் தெரிஞ்சுதெண்டால், இது இருக்கு, அது இல்லையெண்டு தொடங்கியிடும். பிறகு நித்திரை இல்லை."

பெயர்களையும் வைத்திருக்கிறார்கள்! 'குவாக்கமோலி', 'ஃப்ரைட் பனானாஸ்', 'கேர்லி ஃப்ரைஸ்' என்று பாதி சமையலறையிலிருந்து வந்தவை. 'பிரேயிங் ஹாண்ட்ஸ்' என்பதன் இலைகள் கும்பிட்ட கைபோல் நிமிர்ந்து நிற்கும். ஹொஸ்டா என்ற பெயரே ஓர் ஆஸ்திரியத் தாவரவியலாளருடையது. நிக்கோலாஸ் தோமஸ் ஹொஸ்ட் என்பவரின் நினைவாக 1812இல் வைத்தது. யப்பானியர் இதை கிபோஷி என்கிறார்கள். அங்கே பாலத்துக் கைபிடிச் சுவரில் வெங்காய வடிவக் குமிழ் ஒன்று இருக்கும். பூ மொட்டு அந்தக் குமிழ்போல இருப்பதால் அதன் பெயரே செடிக்கும் ஆனது. எனக்குப் பிடித்தது அதுதான். அது செடியைப் பார்த்து வைத்த பெயர்.

இவை யப்பான், கொரியா, சீனா நாட்டுச் செடிகள். யப்பானிய வகைகள் பலவற்றை உயிரோடு ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர் சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர். தடைசெய்யப்பட்ட வரைபடங்களை வைத்திருந்ததற்காக 1829இல் யப்பானிலிருந்து வெளியேற்றப்பட்டவர். நாட்டைவிட்டுத் துரத்தப்படும்போதும் செடிகளை மறக்காத ஆள். மாஸ்டரின் பரம்பரை என்று வைத்துக்கொள்ளலாம். யமகாத்தாப் பக்கத்தில் இதன் இளங்குருத்தை 'உறுயி' என்ற பெயரில் மரக்கறியாக விற்கிறார்கள். இதைச் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, வறை வறுக்கலாமா என்பது.

பண்ணையில் முதலில் கண்ணில் பட்டது வேலி. எட்டடி உயரம், மான்களுக்காக. ஹொஸ்டா இலை மானுக்கு மிட்டாய் மாதிரி. ஓரிரவில் ஒரு பாத்தியையே முடித்துவிடும். வேலிக்குள்ளே கறுப்பு நிழல்வலைக்குக் கீழே மேசை மேசையாகச் சாடிகள். எலிக்காதளவு இலையுடையதும் யானைக்காதளவு இலையுடையதும் பக்கத்துப் பக்கத்தில். இத்தனை பச்சை இருக்கிறதென்று எனக்கு அன்றுவரை தெரியாது.

நீலமாக இருந்த ஒன்றைத் தடவிப் பார்த்தேன். "தொடாதீர்கள்" என்று ஒரு குரல். சொந்தக்காரர், அறுபதைத் தாண்டிய பெண்மணி, தொப்பியும் முழங்கால்வரை சப்பாத்துமாக நின்றார். என் விரல் போன வழியில் இலை சாதாரணப் பச்சையாகிவிட்டிருந்தது. நீலமாகத் தெரிவது இலைமேல் படர்ந்த மெழுகுப் பூச்சு. தேய்த்தால் போய்விடும், கோடை வெயிலுக்கும் மெல்ல மெல்லக் கரைந்துவிடும். என் விரலடையாளம் அந்த இலை வாடும்வரை அதில் இருக்கும் என்றார். மாஸ்டர் எனக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் அடுத்த மேசைக்குப் போனார்.

பின்பக்கக் கொட்டகையில் இரண்டு பேர் செடி பிரித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் ஜமேக்காக்காரர். அங்கிருந்து பருவகாலத் தொழிலாளரை ஒன்ராறியோத் தோட்டங்களுக்கு அழைப்பது 1966இல் தொடங்கியது. வருடத்தில் கூடியது எட்டு மாதம், பிறகு ஊர் திரும்ப வேண்டும். மூத்தவருக்கு இது ஒன்பதாவது வருடம். பீப்பாயளவு மண்கட்டியோடு ஒரு புதரை மேசையில் போட்டு, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி வேரை வெளியே எடுத்தார். வெள்ளைக் கயிறுகள்போல வேர்கள். நடுவே கிழங்குபோல முடிச்சு. அதன் தலையில் முளைகள். முடிச்சைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தப் பார்வைதான் தொழில் என்று எனக்குப் பட்டது. ஒவ்வொரு முளைக்கும் அடியில் தனக்கென்று வேர் இருக்கிறதா, இரண்டு முளைக்கு நடுவே எங்கே இயல்பாகப் பிரிவு ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கத்தி. ஒரே அழுத்து. கறக்கென்று கோவாவை வெட்டினாற்போல் சத்தம். அந்தப் புதரிலிருந்து பதினான்கு துண்டுகள் வந்தன. முடித்ததும் கத்தியைப் பக்கத்து வாளிக்குள் போட்டுவிட்டு, அதற்குள் ஊறிக்கொண்டிருந்த இன்னொரு கத்தியை எடுத்தார். வாளியில் ப்ளீச் வாசம்.

அவருக்கு எந்த வகை பிடிக்கும் என்று கேட்டேன். சிரித்தார். "வேர் கனமாக இருந்தால் நல்ல செடி. இலை உங்களுக்கு."

எனக்கு அம்மாவின் குரோட்டன்கள் நினைவுக்கு வந்தன. விறாந்தை விளிம்பு முழுக்கச் சாடிகளில் நிற்கும். கலியாண வீட்டுக்குப் போனாலும் அந்திரட்டிக்குப் போனாலும் அந்த வளவில் புதுநிறக் குரோட்டன் நின்றால் ஒரு கொப்பு அம்மாவின் கைப்பைக்குள் வந்துவிடும். கேட்டு வாங்கினது பிடிக்காது, களவெடுத்ததுதான் பிடிக்கும் என்பது அவருடைய விஞ்ஞானம். ஹொஸ்டாவில் அந்த வித்தை எடுபடாது. முறிக்கக் கொப்பில்லை, எல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது.

விதை போட்டால் என்ன என்று கேட்டேன். போடலாம், ஆனால் தாயைப்போல் பிள்ளை வராது என்றார் சொந்தக்காரர். விளக்கியவர் மாஸ்டர், கரும்பலகைதான் இல்லை. வளரும் நுனியில் உயிரணுக்கள் மூன்று அடுக்காக இருக்கும், ஒன்றன்மேல் ஒன்று போர்த்த சால்வைபோல. ஓர் அடுக்கில் பச்சையம் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் இலையில் ஓரம் ஒரு நிறம், நடு ஒரு நிறம். விதை பிறப்பது ஓர் அடுக்கிலிருந்து மட்டும் என்பதால் பிள்ளை ஒற்றை நிறமாகப் போய்விடும். ஆகவே அந்த இரு நிறத்தைக் காப்பாற்ற ஒன்றில் கத்தி, இல்லையேல் ஆய்வுகூடத்துத் திசு வளர்ப்பு.

ஆனால் அடுக்குகள் சில நேரம் தாமாகவே இடம் மாறிவிடும். வெள்ளை ஓரம் போட்ட புதரில் ஒரு முளை மட்டும் வெள்ளை நடுவோடு வரும். பச்சைப் புதரில் ஒன்று பொன்னிறமாகும். இதை 'ஸ்போர்ட்' என்கிறார்கள். இந்தப் பித்தத்துக்கு மூலகாரணம் இதுதான் என்பது என் தீர்மானம். முத்திரை சேர்ப்பவருக்கு ஒரு நாள் தொகுதி முடிந்துவிடும். இது முடியாது. செடியே புதுப் புது முத்திரை அடித்துக்கொண்டிருக்கிறது.

1936இல் பிரான்ஸஸ் வில்லியம்ஸ் என்ற பெண்மணி, கனெக்ரிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் ஊர் நாற்றுப்பண்ணையில், ஒரே மாதிரியான நீலப்பச்சைச் செடிகளின் வரிசையில் ஒன்றுக்கு மட்டும் மஞ்சள் ஓரம் இருந்ததைக் கண்டு வாங்கிப்போனார். அது இன்று அவர் பெயரிலேயே உலகமெங்கும் நிற்கிறது. 'ஹால்சியன்' என்ற நீல வகையிலிருந்து இங்கிலாந்தில் பொன்னிற நடுவோடு கிடைத்தது 'ஜூன்'. ஒஹாயோத் தம்பதி ஒன்று 2000இல் பதிந்த 'புளூ மவுஸ் இயர்ஸ்', தடித்த நீலக் காதுகளோடு ஓர் உள்ளங்கை உயரம். 2008இல் அந்த ஆண்டுக்கான ஹொஸ்டாவாகத் தெரிவானது. அதிலிருந்து 'மைற்றி மவுஸ்', 'சேர்ச் மவுஸ்', 'மவுஸ் ட்ரப்' என்று எலிக்கூட்டமே வந்துவிட்டது. சிலவற்றுக்கு இடையில் வேறுபாடு ஓரத்தில் ஒரு நூலளவு கோடுதான். அந்த நூலளவுக்கு மாஸ்டர் 45 டொலர் கொடுப்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

ஆய்வுகூடத்திலிருந்து தட்டுத்தட்டாகக் குஞ்சுச் செடிகள் வந்திறங்கும். அவற்றில் அச்சுப் பிசகினவற்றைப் பொறுக்கி எடுப்பது அந்த இரண்டு பேரின் இன்னொரு வேலை. பைத்தியம் முற்றிய சேகரிப்பாளர்கள் கடை கடையாகப் போய், மலிவுச் சாடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி, அப்படிப் பிசகின ஒன்று தப்பி வந்திருக்கிறதா என்று தேடுவார்கள். அதற்கு 'ஸ்போர்ட் ஃபிஷிங்' என்று பெயரே உண்டு. நான் அந்தக் கடை வாசலில் செய்ததும் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

பையை நீட்டினேன். சொந்தக்காரர் வாங்கவில்லை. "திறக்காதீர்கள்" என்றார். பைக்கு வெளியே நின்றே இலையைப் பார்த்தார். எங்கே வளர்கிறது, எந்தக் கத்தியால் வெட்டினீர்கள், பிறகு அந்தக் கத்தியால் வேறு எதை வெட்டினீர்கள் என்று கேட்டார். முதல் இரண்டுக்கும் நான் பதில் சொன்னேன்; கத்தி மாஸ்டருடையது. மூன்றாவதுக்கு மாஸ்டர் பேசவில்லை.

கொட்டகைக்கு வெளியே, வாகனம் நிறுத்தும் இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு சோதனை செய்தார். இலைத் துண்டைத் திரவப் பைக்குள் நசுக்கி ஒரு பட்டியை நனைப்பது. கொவிட் காலத்தில் எல்லோரும் வீட்டில் செய்ததுதான். சில நிமிடங்களில் இரண்டு கோடுகள்.

ஹொஸ்டா வைரஸ் எக்ஸ். 1996இல் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பென் லொக்ஹார்ட் கண்டுபிடித்தது. செடியின் சாறு வழியாக, பெரும்பாலும் மனிதரின் கத்தி வழியாகப் பரவுகிறது. மருந்தில்லை. தொற்றிய செடி வருடக்கணக்கில் அறிகுறியே காட்டாமலும் நிற்கும். காட்டும்போது நரம்பை ஒட்டி மை ஊறினாற்போல் கோலம் போடும். அந்தக் கோலத்தைப் புது அழகென்று நம்பி, 'பிரேக்டான்ஸ்', 'லெப்பர்ட் ஃபுரொக்' என்றெல்லாம் பெயர் சூட்டி விற்றிருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். வித்தியாசத்தைத் தேடிப் பழகின கண்ணுக்கு நோயும் வித்தியாசம்தான். மாஸ்டர் கேட்டு வந்த பெயர் கிடைத்துவிட்டது.

திரும்பும் வழியில் பின் இருக்கைத் தட்டுகள் வெறுமையாகவே ஆடின. 45 டொலர்ச் செடியைக்கூட அவர் பண்ணையிலேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம். பரி நகரைத் தாண்டியபோது, "அந்தக் கத்தியாலதான் ஏழைப் பிரிச்சனான்" என்றார். பிறகு ஸ்காபரோ வரைக்கும் பேச்சில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "நீர் நல்லெண்ணத்திலதானே தந்தனீர்" என்றார். ஏசியிருக்கலாம்.

அந்த ஏழில் நான்குக்கு இரண்டு கோடுகள் வந்தன. மற்ற மூன்றையும் அவர் நம்பவில்லை. என் செடியின் இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒன்பதையும் வேரோடு தோண்டிப் பையில் கட்டினோம். கொப்பியில் அந்த வரிகளை அடிமட்டம் வைத்துச் சிவப்பு மையால் வெட்டினார்.

வாசலில் ஹொஸ்டா வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒருமுறை குனிந்து இலையைப் பாருங்கள். நரம்போரம் மை ஊறினதுபோல் கண்டால் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேரோடு எடுத்துக் குப்பைப் பையில் கட்டுங்கள், உரக்கிடங்கில் போடாதீர்கள். வேர்முடிச்சின் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் அது மறுபடி முளைக்கலாம், நோயோடு. அந்த இடத்தில் உடனே இன்னொன்றை நடாதீர்கள். யாருக்காவது பிரித்துக் கொடுக்கும்போது ஒவ்வொரு புதருக்கும் இடையில் கத்தியைக் கழுவி, ப்ளீச் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.